குழாய்க் கணக்கும் காரைக்கால் குடிநீரும்

நீர்த்தேக்கத் தொட்டியில் கலக்கப்படும் குளோரின், ஊர்க்கோடி வீட்டை எட்டும்போது எவ்வளவு மிஞ்சும்? இதற்குப் பொறியாளர்கள் கையாளும் கணக்கு மிக எளியது. குழாயினுள் நீர் ஒரு நீண்ட உருளையைப்போலக் கலையாமல் நகர்கிறது, போகப் போகக் குளோரின் ஒரே விகிதத்தில் குறைகிறது, அவ்வளவுதான். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1993-இல் வெளியிட்ட 'எப்பாநெட்' என்னும் கணிப்பொறி நிரலுக்கும் இதுவே அடிப்படை. இவ்வளவு எளிமை கூடாது என்பார் உண்டு. ஆனால் அவர்கள் சுட்டும் குறை ஒன்று. உண்மையான குறை வேறொன்று.

அவர்கள் வாதத்தை முதலில் பார்ப்போம். குழாயின் நடுவில் நீர் விரைந்து ஓடும். சுவரையொட்டி ஏறக்குறைய நின்றுவிடும். ஆகவே கரைந்த பொருள் முன்னும் பின்னும் இழுபட்டுப் பரவும். ஜி. ஐ. டெய்லர் என்ற ஆங்கில அறிஞர் 1953-இல் நுண்ணிய குழாயில் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலைச் செலுத்தி இதை ஆராய்ந்தார். பரவல் எண்ணுக்கு அவர் தந்த சூத்திரம் இது: ஆரத்தின் வர்க்கத்தை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி, மூலக்கூறு விரவல் எண்ணைப்போல் 48 மடங்கால் வகுக்க வேண்டும்.

அதை அப்படியே தெருக்குழாய்க்குப் போட்டுப் பாருங்கள். விட்டம் 10 செ.மீ., வேகம் விநாடிக்கு அரை மீட்டர் என்றால், விடை விநாடிக்குச் சுமார் 13,000 சதுர மீட்டர்! நகைப்புக்குரிய எண். டெய்லர் ஆராய்ந்தது அமைதியான சீரோட்டம். தெருக்குழாயில் இருப்பதோ சுழிப்போட்டம். அதற்கென அவரே 1954-இல் வேறொரு சூத்திரம் தந்தார். அதன்படி விடை ஏறத்தாழ 0.014 மட்டுமே, அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்கு. 2 கிலோமீட்டர் சென்றபின்னும் பரவல் பத்து மீட்டர் அளவே. ஆகவே எளிய கணக்கு பரவலை விட்டுவிட்டது சரியே.

பின் எங்கே இடிக்கிறது? அரசலாறு கடலில் கலக்கும் தாழ்ந்த சமவெளி ஊரான காரைக்காலைப் பாருங்கள். 2022 ஜூலைத் தொடக்கத்தில் அங்கே வயிற்றுப்போக்கு பரவியது. சிலருக்குக் காலரா உறுதியாயிற்று. பொதுச் சுகாதார அவசரநிலை அறிவித்துப் பள்ளிகளை மூடினார்கள். குடிநீரில் கழிவுநீர் கலந்ததே காரணமென்று அப்போது செய்திகள் கூறின.

நம் கணக்கு இதை முன்னறிவித்திருக்குமா? தொட்டியில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரின் இருப்பதாகவும், அது 6 மணிக்கொருமுறை பாதியாவதாகவும் கொள்வோம். 2 கிலோமீட்டர் செல்ல 67 நிமிடம் ஆகும், அப்போது 0.88 மிஞ்சும். இந்தியத் தர நிர்ணயம் கேட்பது குறைந்தது 0.2. கவலையில்லை என்கிறது கணக்கு!

ஆனால் நம் ஊர்களில் 24 மணி நேரமும் தண்ணீர் வருவது அரிது. 18 மணி நேரம் குழாயில் தேங்கி நின்ற நீரில் 0.125-தான் மிஞ்சும். இதையாவது, நேரத்தை நீட்டிப் போட்டுக் கணக்கிட்டுவிடலாம். அடுத்தது அப்படியன்று. நீர் நிறுத்தப்பட்டதும் குழாயினுள் அழுத்தம் விழுகிறது. இணைப்பு கசிந்தால், பக்கத்துச் சாக்கடை நீர் உள்ளே புகும். புகுந்த அழுக்கு குளோரினைத் தின்றுவிடும். ஆறு மணி என்ற நம் கணிப்பும் செல்லாது. குழாய் எப்போதும் நிரம்பியிருக்கும் என்பது எப்பாநெட்டின் அனுமானம். வெளியிலிருந்து எதுவும் புகாது என்று எளிய கணக்கு கேட்காமலே ஏற்றுக்கொள்கிறது. கல்லூரிப் பாடநூல்கள் இவற்றை ஒரு வரியில் சொல்லிவிட்டு, பரவலுக்குப் பல பக்கங்கள் ஒதுக்குகின்றன. (பரவலில்தானே தேர்வுக்கேற்ற சமன்பாடுகள் கிடைக்கின்றன!)

கணக்கைத் தூக்கியெறியச் சொல்லவில்லை. எங்கே அளப்பது என்பதற்கு அது வழிகாட்டட்டும். நீர் திறந்துவிட்ட முதல் கால்மணி நேரத்தில், குழாயின் கடைக்கோடியில் குளோரினை அளந்து, கணக்கின் விடையோடு ஒப்பிட வேண்டும். விடை 0.88 என்றிருக்க, அளவு சுழியம் காட்டினால், அந்தத் தெருவில் எந்த இணைப்பு கசிகிறதென்று தோண்டிப் பார்க்கலாம்.