முப்பது நாள் அனுமதியும் ஒரு வருட விசாவும்

2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்கள். 2024 செப்டம்பரில் சென்னையிலிருந்தும் 2025 மார்ச்சில் திருச்சியிலிருந்தும் யாழ்ப்பாணத்துக்கு இண்டிகோ விமானம் பறக்கத் தொடங்கியது. காலையில் புறப்பட்டால் மதியச் சாப்பாட்டுக்கு அக்கரையில் இருக்கலாம். ஆனால் இரண்டு நாள் வியாபார வேலையாகப் போகிறவர் டிக்கெட்டுக்கு முன்னால் விசாவைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கிறது. அந்த விசாவை இரண்டு நாடுகளும் தருகிற விதம் ஒன்றுக்கொன்று நேர் எதிர்.

இலங்கை 2012 ஜனவரியிலிருந்து 'ஈ.டி.ஏ.' எனும் மின்னணுப் பயண அனுமதியை வழங்கிவருகிறது. படிவம் சிறியது. கடவுச்சீட்டு விவரம், வரும் தேதி, தங்கும் முகவரி, யாரைப் பார்க்க வருகிறார் என்ற தகவல், அவ்வளவுதான். சார்க் நாட்டவருக்குக் கட்டணமும் குறைவு. வியாபாரம் என்ற தலைப்புக்குள் இலங்கை எதையெல்லாம் சேர்த்திருக்கிறது என்பது கவனிக்கத்தக்கது. பேச்சுவார்த்தை, கருத்தரங்கு, குறுகிய காலப் பயிற்சி மட்டுமல்ல. இசை, நடன நிகழ்ச்சிகளும் சமய நிகழ்வுகளும்கூட அதில் அடக்கம். கொழும்பில் தேயிலை ஏற்றுமதியாளரைச் சந்திக்கப் போகும் கோவைக்காரருக்கும், வடக்கில் கோயில் திருவிழாவுக்கு வாசிக்கப் போகும் தஞ்சாவூர் நாதஸ்வரக் கலைஞருக்கும் ஒரே வகை அனுமதி. இது பெருந்தன்மையான ஏற்பாடு. ஆனால் ஆயுள் 30 நாள்தான். அதற்குள் மறுபடி வந்து போகலாம், நீட்டிக்கக் கேட்கலாம். இரண்டு மாதம் கழித்து வருவதானால் மீண்டும் விண்ணப்பம், மீண்டும் கட்டணம்.

இந்தியப் படிவம் வேறு ரகம்.

2015 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு நாளில், இலங்கையருக்கு இணையவழிச் சுற்றுலா விசா திறந்தது. 2017இல் சுற்றுலா, வியாபாரம், மருத்துவம் என்று இ-விசா பிரிக்கப்பட்டது. இன்று வியாபார இ-விசா ஒரு வருடம் செல்லும். எத்தனை முறையும் போய் வரலாம். சென்னை, திருச்சி, மதுரை, கோவை விமான நிலையங்களில் அதைக் காட்டி இறங்கலாம். ஆனால் கருத்தரங்குக்கு வருபவருக்கு அது உதவாது. அவருக்குத் தனி விசா.

விண்ணப்பத்தில் பெற்றோர் பெயர், அவர்கள் பிறந்த ஊர், மதம், உடலில் உள்ள அடையாளம், பெற்றோரோ பாட்டன் பாட்டியோ பாகிஸ்தானியரா, கடந்த மூன்று ஆண்டில் எந்த சார்க் நாடுகளுக்குப் போனார் என்று கேள்விகள் நீள்கின்றன. படமும் கடவுச்சீட்டுப் பக்கமும் பதிவேற்ற வேண்டும். அதற்கு மேல் விசிட்டிங் கார்டு, இந்திய நிறுவனத்தின் அழைப்புக் கடிதம், அந்த நிறுவனத்தின் முகவரி, தொலைபேசி, இணையதளம். யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் சிறிய துணிக்கடை நடத்துபவர் ஈரோடு ஜவுளிச் சந்தையில் லுங்கியும் துண்டும் மொத்தமாக எடுக்க நினைக்கிறார் என்று வையுங்கள். சந்தைக் கடைக்காரர் பில் போட்டுத் தருவார். லெட்டர்ஹெட்டில் அழைப்புக் கடிதம் எழுதித் தருவாரா? இணையதளத்துக்கு அவர் எங்கே போவார்?

இந்த இடத்தில்தான் பலர் சுற்றுலா விசாவை எடுத்துவிடுகிறார்கள். இலங்கைப் பக்கமும் அதே சபலம் உண்டு. 2023 நவம்பரில் இந்தியா உள்ளிட்ட ஏழு நாட்டவருக்குக் கொழும்பு சுற்றுலா விசாக் கட்டணத்தை நீக்கியபோது, வியாபாரத்துக்குப் போகிறவருக்கும் இலவசமானதையே எடுக்கத் தோன்றியிருக்கும். குடிவரவு அதிகாரி கேட்டு, பையில் மாதிரித் துணியும் விலைப்பட்டியலும் இருந்தால், திருப்பி அனுப்பப்படும் ஆபத்து பயணிக்குத்தான்.

இலங்கையின் எளிமைக்கும் ஒரு சோதனை வந்தது. 2024 ஏப்ரலில் ஈ.டி.ஏ.யை நிறுத்தி, வெளிநாட்டுத் தனியார் நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் இ-விசா முறைக்கு அரசு மாறியது. சேவைக் கட்டணம் கூடியது, கூச்சல் கிளம்பியது, வழக்கு நாட்டின் தலைமை நீதிமன்றமான உயர் நீதிமன்றம் வரை போனது. ஆகஸ்டில் இடைக்காலத் தடை வந்தும் பழைய முறை உடனே திரும்பவில்லை. குடிவரவுத் திணைக்களத்தின் தலைவரே நீதிமன்ற அவமதிப்புக்காக விளக்கமறியலில் வைக்கப்பட்ட பின், செப்டம்பர் இறுதியில்தான் ஈ.டி.ஏ. மீண்டது. வாசல் அகலமாக இருந்தால் போதாது, நாளைக்கும் அதே இடத்தில் இருக்கும் என்ற நம்பிக்கையும் வியாபாரிக்கு வேண்டும்.

மாதாமாதம் போய் வருகிறவருக்கு இந்திய விசாவே லாபம். எப்போதாவது ஒருமுறை போகிறவருக்கு இலங்கை அனுமதி. இரண்டிலும் இடமில்லாதவர் சிறு வியாபாரி. 1992இலிருந்து சார்க் விசா விலக்குத் திட்டம் இருக்கிறது. அதன் 24 வகையினரில் வர்த்தகரும் உண்டு. நீதிபதிகளும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் இருக்கும் அந்தப் பட்டியலை சுன்னாகத்துக் கடைக்காரர் எட்டுவது கடினம்.

இந்தியா அழைப்புக் கடிதத்துக்குப் பதிலாக உள்ளூர் வணிகர் சங்கத்தின் சான்றை ஏற்கட்டும். இலங்கை, அடிக்கடி வரும் வியாபாரிக்கு அதே சின்னப் படிவத்தில் ஒரு வருட அனுமதி தரட்டும். இரண்டு பக்கத்து வணிகர் சங்கங்களும் இதைத் தத்தம் அரசிடம் எழுத்தில் கேட்க வேண்டும்.