வளனும் பரமதத்தனும்

போன வைகாசியில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். தாலி மந்திரிப்பு முடிந்து பிரசங்கத்துக்கு வந்த சாமியார், வாசிக்கப்பட்ட எபேசியர் ஐந்தாம் அதிகாரத்தை எடுத்துக்கொண்டார். கணவன் தலை, மனைவி உடல். இதை விளக்க அவர் ஒரு வேடிக்கையும் சொன்னார்: உடம்பு நடக்கும், தலை வழி பார்க்கும், தலையால் யாராவது நடக்க முடியுமா? கோயிலில் சிரிப்பு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் அத்தை காதோடு காதாகச் சொன்னது: "காரைக்கால்ல நின்னுகிட்டு இதக் கேக்குறாரு பாரு."

அத்தைக்கு அறுபத்தொன்று. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கோவில்பத்தில், பார்வதீசுவரர் கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி, தன் சம்பாத்தியத்தில் கட்டிய வீட்டில் தனியாக இருக்கிறது. ஞாயிறு பூசையை விட்டதில்லை, ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவையும் விட்டதில்லை. சம்பந்தர் பாடிய திருத்தெளிச்சேரி இந்தக் கோவில்பத்துதான் என்று எனக்கு முதலில் சொன்னதும் அத்தைதான். அன்றைக்கு அது முணுமுணுத்த அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் மறுபடியும் தேம்பாவணிக்குப் போனேன்.

தேம்பாவணியை நாம் பாடத்திட்டத்தின் வழியாக அறிந்தவர்கள். வீரமாமுனிவர், இத்தாலிக்காரர், 1726, மூன்று காண்டம், முப்பத்தாறு படலம், 3615 பாடல், முடிந்தது. சூசையப்பரைத் தலைவனாக வைத்துப் பாடியது என்றும் எழுதியிருப்போம். அது எவ்வளவு விசித்திரமான தேர்வு என்று மட்டும் யாரும் கேட்கச் சொல்லித் தரவில்லை. நற்செய்தி நூல்களில் சூசையப்பர் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. கனவு காண்கிறார், எழுகிறார், போகிறார். தச்சன். போர் கிடையாது, நாடு கிடையாது, காப்பியத் தலைவனுக்கு வேண்டிய காதல்கூடக் கிடையாது. அவருக்கு 'வளன்' என்று பெயர் கொடுத்து, நாட்டுப் படலம் நகரப் படலம் எல்லாம் போட்டு, ஒரு தமிழ்க் காப்பிய ஆணாக நிறுத்துகிறார் பெஸ்கி. கம்பனின் ராமனுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டிய ஆண். ஆனால் இவன் வில் முறிக்கவில்லை. இவன் கையில் இருந்த கோல் பூத்தது, அதனால் பெண் கொடுத்தார்கள். மற்றவர்கள் கையிலும் கோல் இருந்தது, பூக்கவில்லை, அவ்வளவுதான் சுயம்வரம்.

திருமணப் படலத்துக்கு அடுத்து வருகிற படலத்தின் பெயர் 'ஈரறம் பொருத்து படலம்'. எனக்கு இந்தக் காப்பியத்தில் மிகப் பிடித்த தலைப்பு. இல்லறம், துறவறம் இரண்டையும் ஒரே வீட்டுக்குள் பொருத்துவது. மணமான இருவரும் தங்கள் கன்னிமை விரதத்தை ஒருவருக்கொருவர் தெரிவித்துக்கொண்டு, அதன்படியே சேர்ந்து வாழ முடிவெடுக்கிறார்கள். தமிழ் மரபில் இல்லறமும் துறவறமும் ஒன்றன்பின் ஒன்றாக வரும், அல்லது எதிரெதிராக நிற்கும். குறளில் தனித்தனி இயல். சிலம்பில் மாதவி துறக்கிறாள் என்றால் வீட்டை விட்டாள் என்று அர்த்தம். பெஸ்கி இரண்டையும் ஒரு கூரைக்குள் வைக்கிறார். தச்சு வேலை செய்பவன் என்பதால் 'பொருத்து' என்ற சொல் எனக்கு இன்னும் நன்றாகவே காதில் விழுகிறது. அவர் அதை நினைத்துத்தான் போட்டாரா தெரியாது.

அந்தக் காலத்துக் கடற்கரையை நினைத்துப் பார்த்தால் இது வெறும் பக்தி இல்லை என்பது புரியும். காரைக்காலிலிருந்து வடக்கே பஸ்ஸில் அரைமணி நேரம் போனால் தரங்கம்பாடி. 1706-இல் சீகன்பால்கு அங்கே வந்து இறங்கினார். 1716-இல் மனைவியோடு திரும்பி வந்தார். குருவானவருக்கு மனைவி! லூத்தர் 1525-இல் ஒரு முன்னாள் கன்னியாஸ்திரியைக் கல்யாணம் செய்துகொண்டதிலிருந்து ஐரோப்பாவில் நடந்த சண்டை, அப்படியே காவிரிக் கழிமுகத்துக்கு வந்து சேர்ந்தது. இந்தப் பக்கம் 1563-இல் திரெந்து சங்கம், கன்னிமையை விட மண வாழ்வே மேல் என்று சொல்பவர்களைச் சபித்து வைத்திருந்தது. பெஸ்கி லுத்தேரினத்தியல்பு, பேதகமறுத்தல் என்று கட்டுரைகளாகவே திட்டித் தீர்த்தவர். தேம்பாவணி அதே சண்டையின் இன்னொரு முகம் என்றுதான் நான் வாசிக்கிறேன். உரைநடையில் எதிரியைத் திட்டியவர், செய்யுளில் அவருக்குப் பதில் சொல்லவில்லை, ஒரு மாற்று வீட்டைக் கட்டிக் காட்டினார்.

இரண்டு கட்சியும் ஜெயித்தது என்று வைத்துக்கொண்டால் யார் தோற்றார்கள்? என் அத்தை மாதிரி ஆட்கள்தான். கத்தோலிக்கச் சபை கன்னிமையை உயர்த்தியது. ஆனால் அங்கி போட்ட கன்னிமையை. கன்னியர் மடத்துக்குப் போனால் 'சிஸ்டர்', 'அம்மா'. சேலை கட்டிக்கொண்டு வேலைக்குப் போய் வந்தால் 'இன்னும் அமையலையா?' சீர்திருத்தச் சபைகளோ மண வாழ்வை மீட்டெடுக்கிறோம் என்று சொல்லி அதையே ஒரே வாழ்வாக ஆக்கிவிட்டன. அங்கே தனியாக இருப்பவருக்குப் பெயரே கிடையாது. ஜெபத்தில் ஒரு விண்ணப்பமாக மட்டும் இடம் உண்டு.

இத்தனைக்கும் பவுலே மணமாகாதவர். கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் ஏழாம் அதிகாரத்தை ஒருமுறை பொறுமையாகப் படியுங்கள். எல்லாரும் தன்னைப் போலவே இருந்தால் நல்லது என்கிறார். கணவனின் உடல்மேல் மனைவிக்கு உரிமை என்று, மனைவியின் உடல்மேல் கணவனுக்கு உள்ள உரிமையோடு சரிசமமாக வைக்கிறார். முதல் நூற்றாண்டில் எழுதிய வாக்கியம் அது. நான் போன எந்தக் கல்யாணத்திலும் அதை வாசித்துக் கேட்டதில்லை. எபேசியர் மட்டும் தவறாமல் வரும், அதிலும் கணவன் தன் உயிரைக் கொடுக்கும் அளவுக்கு அன்பு செய்ய வேண்டும் என்கிற, ஆணுக்குக் கொஞ்சம் கஷ்டமான பகுதி வேகமாகக் கடந்துபோகும். 1987-இல் அமெரிக்க எவாஞ்சலிக்கல்கள் சிலர் எழுதிய டான்வர்ஸ் அறிக்கையின் சரக்கு இப்போது தமிழ் ஆண்மைக் கருத்தரங்குகளிலும் யூடியூப் பிரசங்கங்களிலும் ஓடுகிறது. 'வேதாகமத்தின்படியான ஆண்' என்று அதில் வருகிறவரைப் பார்த்தால் எனக்குச் சூசையப்பர் ஞாபகம் வருவதில்லை. ஒரு நடுத்தர மேலாளர்தான் ஞாபகம் வருகிறார்.

சரி, அத்தை சொன்ன காரைக்காலுக்கு வருகிறேன். பெரிய புராணத்தின் புனிதவதி கதை தெரியாதவர் இருக்க மாட்டீர்கள். கணவன் கொடுத்தனுப்பிய இரண்டு மாம்பழத்தில் ஒன்றை அடியாருக்குக் கொடுத்துவிடுகிறாள். கணவன் இரண்டாவதைக் கேட்கும்போது சிவனிடம் வேண்டிப் பெற்றுத் தருகிறாள். அது கிடைத்த விதம் தெரிந்ததும் பரமதத்தன் பயந்து போகிறான். கப்பலேறுகிறான், திரும்பும்போது பாண்டி நாட்டில் இறங்கி இன்னொரு பெண்ணைக் கட்டிக்கொள்கிறான், பிறந்த மகளுக்குப் புனிதவதி என்றே பெயர் வைக்கிறான். உறவினர்கள் இவளைக் கூட்டிக்கொண்டுபோய் அவன் முன்னால் நிறுத்தும்போது குடும்பத்தோடு காலில் விழுகிறான். இனி இந்த உடம்பு எதற்கு என்று அவள் சதையை உதறிப் பேயுருவம் கேட்டு வாங்குகிறாள். கயிலைக்குப் போகும்போது கால் படக்கூடாது என்று தலையால் நடக்கிறாள்.

இதையும் தேம்பாவணியின் ஐயந்தோற்று படலத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டிலும் ஒரே நிலைமை. ஒரு சாதாரண வணிகன், ஒரு சாதாரணத் தச்சன். இருவர் வீட்டிலும் மனைவிக்குக் கடவுளோடு, கணவன் வழியாகப் போகாத ஒரு நேரடி உறவு இருக்கிறது. அதற்குச் சாட்சியாக ஒரு பொருள் வந்து நிற்கிறது. அங்கே மாம்பழம், இங்கே கருப்பை. கணவன் என்ன செய்வான்? பரமதத்தன் ஓடுகிறான். வளனும் ஓடத்தான் நினைக்கிறான். மத்தேயு எழுதியபடி, அவளை அம்பலப்படுத்தாமல் மறைவாக விலக்கிவிட எண்ணுகிறான். ஊருக்குத் தெரிந்தால் கல்லெறிவார்கள் என்பதால் அந்த மறைவு முக்கியம். ஐயம் தோன்றுவதற்கு ஒரு படலம், நீங்குவதற்கு இன்னொன்று என்று பெஸ்கி இந்த இடத்தில் நிதானமாக நிற்கிறார். பிறகு வளன் போகாமல் இருக்கிறான். இந்தக் காப்பியத்தின் வீரச் செயல் இதுதான் என்று எனக்குப் படுகிறது. தன்னைத் தாண்டிய ஒன்று தன் மனைவியிடம் இருக்கிறது என்று தெரிந்தும், பயப்படாமல், காலிலும் விழாமல், அதே வீட்டில் மறுநாள் உளி எடுப்பது.

காலில் விழுவதைச் சும்மா சொல்லவில்லை. பரமதத்தன் செய்ததை பக்தி என்று மரபு எடுத்துக்கொண்டது. எனக்கு அது விலகலின் மரியாதையான வடிவமாகத்தான் தெரிகிறது. பெண்ணைத் தெய்வமாக்கிவிட்டால் அவளோடு குடித்தனம் செய்ய வேண்டியதில்லை பாருங்கள்.

ஆனால் இங்கே ஒரு நெருடல். பெஸ்கியின் கட்டமைப்பில் நல்லவன் கணவன்தான். ஐயம் அவனுடையது, துயரம் அவனுடையது, தெளிவும் அவனுக்கே வருகிறது. மரியாளின் துயரம் அவன் துயரத்தின் நிழலில் நிற்கிறது. சந்தேகப்படும் கணவனோடு ஒரே வீட்டில், உண்மையைச் சொல்ல வழியில்லாமல், சோறு வடித்துப் போட்ட பெண்ணுக்கு அந்த நாட்கள் எப்படி இருந்திருக்கும்? அந்தப் படலம் எழுதப்படவில்லை. வீரமாமுனிவர் மணமாகாத ஒரு சேசு சபைத் துறவி, அவருக்குத் தெரிந்த கன்னிமை ஆணின் கன்னிமை. அது ஒரு தேர்வு, ஒரு பெருமை. பெண்ணுக்கு அதே சொல் ஒரு காவலும்கூட. காரைக்கால் அம்மையார் விஷயத்தில் நாம் அதிர்ஷ்டசாலிகள், ஏனென்றால் அவரே பாடியிருக்கிறார். கணவனைப் பற்றி அந்தப் பாடல்களில் பேச்சே இல்லை. கதையைச் சேக்கிழார்தான் பல நூற்றாண்டு கழித்துச் சொல்கிறார். அம்மையார் தன்னைப் பேய் என்று சொல்லிக்கொள்கிறார், யாரோ ஒருவரின் மனைவி என்று அல்ல.

தமிழ்க் கிறிஸ்தவ வரலாற்றில் இந்த எழுதப்படாத படலங்கள் நிறைய. ஓரியூரில் 1693-இல் அருளானந்தர் வெட்டப்பட்டது ஏன் என்று மறைக்கல்வியில் படித்திருக்கிறோம். தடியத் தேவர் ஞானஸ்நானம் பெறுவதற்காகத் தன் மனைவிகளில் ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்பிவிட்டார், அனுப்பப்பட்ட ஒருத்தி சேதுபதியின் உறவுப்பெண், அவள் முறையிட்டாள். கதையில் அவள் வில்லி, யோவானின் தலையைக் கேட்ட ஏரோதியாளின் தங்கச்சி. ஒருவனுக்கு ஒருத்தி என்பது பெண்ணுக்கு நல்ல விதிதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த விதி அமலான நாளில் வாசலுக்கு வெளியே நின்ற பெண்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. புனிதர் பட்டம் 1947-இல் கொடுக்கப்பட்டது. அந்தப் பெண்களின் பெயர்களைக் கேட்டால் நம்மில் எத்தனை பேர் சொல்வோம்?

சீர்திருத்தத் தரப்பிலும் அப்படித்தான். கோகிலா என்கிற கிளாரிந்தா ஞானஸ்நானம் கேட்டபோது சுவார்ட்ஸ் ஐயர் மறுத்தார், அவர் ஓர் ஆங்கிலேய அதிகாரியோடு மணமாகாமல் வாழ்ந்ததால். அதிகாரி இறந்த பிறகு 1778-இல் கொடுத்தார். 1785-இல் பாளையங்கோட்டையில் கோயில் கட்டியது அதே கிளாரிந்தாதான். மறுத்த சுவார்ட்ஸ் வாழ்நாள் முழுவதும் மணமாகாதவர், லுத்தரன் குருக்களில் அபூர்வம். அவருடைய தனிமை அர்ப்பணிப்பு, அவளுடைய துணை பாவம். பிழை யாருடையது என்று தீர்ப்புச் சொல்ல வரவில்லை. சேர்த்து வாசிக்கலாம் என்கிறேன்.

விதிவிலக்காக ஒருவர் உண்டு. சூசையப்பர் பெயரிலேயே குளுனி சகோதரிகள் சபையைத் தொடங்கிய ஆன் மாரி ஜவுஹே. அவருடைய சகோதரிகள் 1827-இல் புதுச்சேரிக்கு வந்தார்கள். அவரைப் பற்றி பிரெஞ்சு மன்னர் லூயி பிலிப், இவர் ஒரு மாபெரும் ஆண்மகன் என்று வியந்ததாக ஒரு கதை வழங்குகிறது. பாராட்டுதான். ஒரு பெண்ணைப் பாராட்ட அரசருக்கு வேறு சொல் கிடைக்கவில்லை. நம் ஊர் வேதநாயகம் பிள்ளைக்கும் கிடைக்கவில்லை: மாயூரத்து முன்சீப், கத்தோலிக்கர், பெண் கல்விக்காக எழுதியவர், 1879-இல் வந்த தன் நாவலில் ஞானாம்பாளுக்கு ஆண் வேடம் போட்டுத்தான் அரியணை ஏற்றினார்.

'தலை' என்ற சொல்லுக்கு வருகிறேன். கிரேக்க மூலத்தில் அந்தச் சொல்லுக்கு அதிகாரம் என்று பொருளா, ஊற்று என்று பொருளா என்று அறிஞர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். தமிழில் நமக்கு வேறொரு வசதி இருக்கிறது. அகப்பாடலில் ஆண் தலைவன் என்றால் பெண் தலைவி. இருவருக்கும் தலை உண்டு. இந்த மொழியில் கல்யாணத்தைப் பற்றிப் பேசும் ஒரு பிரசங்கத்துக்கு இது கைக்குப் பக்கத்தில் கிடக்கிற சொல். எடுப்பார் இல்லை.

சட்டமும் கொஞ்ச காலம் இதே பாட்டைப் பாடியது. 1804-இன் பிரெஞ்சு சிவில் சட்டம் மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று சொன்னது. 1881 ஆணைக்குப் பிறகு காரைக்காலில் விரும்பியவர்கள் சொந்த வழக்கச் சட்டத்தைத் துறந்து அதற்குள் போக முடிந்தது. கீழ்ப்படியும் விதியை பிரான்ஸ் 1938-இல் எடுத்தது. குடும்பத் தலைவர் கணவன் என்பதை 1970-இல் எடுத்தது. இந்தியாவில் 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டம், ரேஷன் கார்டுக்கு வீட்டின் மூத்த பெண்தான் குடும்பத் தலைவர் என்றது.

கல்யாணம் முடிந்து அத்தை வீட்டுக்குப் போனோம். பங்கில் புதிதாகக் கொடுத்த குடும்ப அட்டையை எடுத்துக் காட்டியது. குடும்பத் தலைவர் என்ற கட்டத்தில் என் அப்பா பெயர் இருந்தது. அப்பா முப்பது வருஷமாகப் பாரீஸ் பக்கம் இருக்கிறார். உறுப்பினர் என்ற வரியில் அத்தை பெயர். எழுதிய பையன் நல்ல பையன்தானாம். ஆம்பளப் பேர் இல்லாம கம்ப்யூட்டர் எடுத்துக்கலன்னு சொன்னானாம்.

"ரேஷன் கார்டுல நாந்தான் தல. கோயில் கார்டுல ஒங்கப்பன்," என்றது அத்தை. இரண்டையும் ஒரே பிளாஸ்டிக் கவரில் போட்டு, மாதா படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு, காபி போடப் போனது.