கழிவு என்ற ஒரு சொல்

இலக்கிய விமர்சனம் எழுதுகிறவனுக்குச் சர்க்கார் தஸ்தாவேஜுகளோடு என்ன வேலை என்று நண்பர் ஒருவர் கேட்டார். வேலை இருக்கிறது. ஒரு நாவலைப் படிக்கிறவர்கள் சில ஆயிரம் பேர். படிக்காதவர்களுக்குப் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. சர்க்கார் வெளியிடும் சில பக்கங்களோ, அவற்றைக் கண்ணால் பார்த்திராதவர்களின் வாழ்க்கையையும் நிர்ணயித்துவிடுகின்றன. அந்தப் பக்கங்களில் பேசுகிறவர் யார், யாரிடம் பேசுகிறார், என்ன பாஷையில் பேசுகிறார் என்று பார்ப்பது விமர்சகனுடைய வேலைதான் என்பது என் அபிப்பிராயம்.

2019-ஆம் ஆண்டு ஜூலை 10-ந் தேதி ராதாபுரத்தில் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும் என்று ஓர் அறிவிப்பு வந்தது. கூடங்குளம் அணுமின் நிலையத்தில் எரிந்து முடிந்த எரிபொருளை வைத்திருக்க ஒரு சேமிப்பிடம் கட்டுவது பற்றி ஜனங்களின் கருத்தைக் கேட்பது உத்தேசம். எதிர்ப்புக் கிளம்பிற்று; கூட்டம் தேதி குறிப்பிடாமல் தள்ளிவைக்கப்பட்டது. அந்தச் சில வாரங்கள் பத்திரிகைகளிலும் மேடைகளிலும் நடந்த வாக்குவாதத்தைக் கவனித்தேன். அதில் பாதி, ஒரே ஒரு சொல்லைப் பற்றிய வாக்குவாதம். ஊர்க்காரர்கள் ‘அணுக்கழிவு’ என்றார்கள். அணுமின் கழகத்தார், ‘இது கழிவே அல்ல, பயன்படுத்திய எரிபொருள்’ என்றார்கள். இரண்டு தரப்பாரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் விசேஷம்.

கழகத்தார் சொல்வதை முதலில் பார்ப்போம். நம் நாட்டு அணுசக்திக் கொள்கைப்படி, உலையிலிருந்து எடுத்த எரிபொருளை மறுபடியும் பக்குவப்படுத்தி, அதிலுள்ள யுரேனியத்தையும் புளுட்டோனியத்தையும் பிரித்து எடுத்துக்கொள்ள வேண்டும். ஆகவே அது அவர்களுக்குப் புதையல். பிரித்தெடுத்த பிறகு மிஞ்சுவதுதான் அவர்கள் அகராதியில் கழிவு. அதைக் கண்ணாடியோடு சேர்த்து உருக்கி வார்த்து, காலம் வரும்போது பூமியின் ஆழத்தில் புதைப்பது என்பது திட்டம். அதுவரை எரிபொருளைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்துக் காப்பது உலகம் முழுவதும் உள்ள வழக்கம்; தாராப்பூரிலும் ராஜஸ்தானிலும் இத்தகைய இடங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. இதெல்லாம் சரிதான்.

இனி எங்கள் பக்கத்து மனிதன் அந்தச் சொல்லை எப்படிக் கேட்கிறான் என்று பார்க்க வேண்டும். நான் கோவில்பட்டிக்காரன். கரிசல் காட்டில் கழிவு என்று ஒரு பொருள் கிடையாது. மாட்டுத் தொழுவத்துக் கூளமும் அடுப்புச் சாம்பலும் குப்பைக் கிடங்குக்குப் போய், சித்திரையில் வண்டியேறிப் புஞ்சைக்கு வந்துவிடும். பருத்தி எடுத்து முடிந்தால் பருத்திமார் அடுப்புக்கு. கம்பந்தட்டை மாட்டுக்கு. ஆட்டுக்கிடை போடுகிறவனுக்கு ஆட்டுப் புழுக்கைக்காகக் கூலி கொடுத்து அழைத்து வருகிறோம். ‘கழிவு’ என்ற சொல் எங்கள் சம்சாரியின் காதில் விழுவது கமிஷன் கடையில்தான். மூட்டைக்கு இவ்வளவு கழிவு என்று தரகர் எடையில் பிடித்துக்கொள்வார். ஆக, அவன் அறிந்த கழிவு என்பது, தன் கணக்கிலிருந்து வேறொருவன் எடுத்துக்கொள்வது. ‘அணுக்கழிவு’ என்று கேட்டதும் அவனுக்கு எழும் சந்தேகத்தை அறியாமை என்று நினைக்கிறவர்கள், அந்தச் சொல் எத்தனை காலமாக அவனை ஏமாற்றி வந்திருக்கிறது என்பதை அறியாதவர்கள்.

குப்பை ஒரு வருஷத்தில் மண்ணாகிவிடுகிறது. புளுட்டோனியம் பாதியாகக் குறைவதற்கே 24,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். புதையல் என்றாலும் கழிவு என்றாலும் அதற்கு ஒரு காவல் வேண்டும். அந்தக் காவல் எந்த மண்ணில் என்பதே கேள்வி. பெயரை மாற்றிவிட்டால் கேள்வி மாறிவிடாது.

பெயர் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. அந்தச் சேமிப்பிடத்துக்கு ஆங்கிலத்தில் மூன்றெழுத்துப் பெயர்: ஏ.எஃப்.ஆர். விரித்தால், உலைக்கு அப்பால் என்று அர்த்தம். ஆனால் அது கட்டப்படுவது அணுமின் நிலைய வளாகத்துக்குள்ளேயேதான். எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “உலைக்கு அப்பால்னா சரி அண்ணாச்சி. ஊருக்கு அப்பாலா, இப்பாலா? அதைச் சொல்லலையே?” என்று கேட்டார். மொழிபெயர்ப்பைப் பற்றி இதைவிட நல்ல விமர்சனம் நான் படித்ததில்லை.

இப்படி ஒரு சேமிப்பிடம் தேவைப்பட்டதே பிற்பாடு வந்த விஷயம். 1988 நவம்பரில் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் கூடங்குளம் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோது, எரிந்த எரிபொருளை சோவியத் யூனியனே திரும்ப எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. பிறகு சோவியத் யூனியனே இல்லாமற்போயிற்று. 1998-இல் ரஷ்யாவோடு செய்துகொண்ட துணை ஒப்பந்தத்தில் எரிபொருள் இந்தியாவிலேயே இருக்கும் என்று ஆயிற்று. வீட்டில் பத்து நாள் தங்கிப் போவதாக வந்த விருந்தாளி, தலைமுறை தலைமுறையாக இருக்கப்போகிறார் என்று ஆனால், வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? சொல்லவில்லை. முதலிரண்டு உலைகளுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது 1989 மே மாதத்தில். பொதுமக்களைக் கேட்க வேண்டும் என்ற விதி அதற்குப் பல ஆண்டுகள் கழித்து வந்தது. ஆகவே கேட்க வேண்டியதில்லை என்று கோர்ட்டுகளும் சொல்லிவிட்டன. சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். ஆனால் அதே 1989 மே முதல் தேதி கன்னியாகுமரியில் மீனவர்கள் திரண்டு ஊர்வலம் வந்து, அது துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. கேட்க வேண்டிய விதி இல்லாத காலத்திலேயே சொல்ல வேண்டியதை அவர்கள் சொல்லியாயிற்று.

அந்த விதியைத்தான் நான் ஒரு நாடகப் பிரதியைப் படிப்பது போலப் படித்தேன். 2006 செப்டம்பர் 14-ந் தேதி மத்திய சர்க்கார் வெளியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் நான்காம் பின்னிணைப்பு அது. கலெக்டரோ, கூடுதல் கலெக்டர் அந்தஸ்துக்குக் குறையாத ஒருவரோ தலைமை வகிக்க வேண்டும். முப்பது நாள் அவகாசம் கொடுக்க வேண்டும். நடப்பதையெல்லாம் வீடியோ எடுக்க வேண்டும். கூட்டத்துக்கு இத்தனை பேர் வந்தாக வேண்டும் என்ற கணக்கு எதுவும் கிடையாது. ஒருவர்கூட வராவிட்டாலும் கூட்டம் கூட்டமே. எங்கள் ஊர்ச் சாவடியில் கண்மாய்த் தண்ணீரைப் பற்றிப் பேசுவதென்றால், கீழத்தெருக்காரர் ஒருவர் வரவில்லை என்றால் ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்கள். அவர் வீம்புக்கு வரமாட்டார். மறுபடியும் ஆள் போகும். சாவடிக்குப் பெண்களையும் தாழ்த்தப்பட்டவர்களையும் கூப்பிட்டதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அதைப் பொற்காலமாக்க எனக்கு விருப்பமில்லை. இருந்தாலும், கேட்பதற்கு ஆள் வேண்டும் என்ற பிரக்ஞையாவது அங்கே இருந்தது.

விதியின் பெரிய குறை இன்னொன்று. மேடையில் உட்கார்ந்திருக்கிறவருக்குத் தீர்மானிக்கும் அதிகாரம் இல்லை. அவர் எழுதிக்கொள்கிறார்; அது டில்லியில் உள்ள நிபுணர் குழுவுக்குப் போகிறது. தீர்மானிக்கிறவர்களோ மேடையில் இல்லை. நாவலில் இரண்டு பேர் பேசிக்கொண்டால், பேசி முடிக்கும்போது ஒருவராவது கொஞ்சம் மாறியிருக்க வேண்டும்; இல்லாவிட்டால் அது உரையாடல் ஆகாது. மூன்று முதல் ஆறு வரையிலான உலைகளுக்காக 2007 ஜூன் 2-ந் தேதி கருத்துக் கேட்பு நடந்தது, கடற்கரையில் அல்ல, திருநெல்வேலியில். கடற்கரை ஜனங்கள் பஸ் பிடித்து வந்து பேசினார்கள். அனுமதி அடுத்த வருஷம் கிடைத்துவிட்டது.

பாஷையைப் பற்றியும் விதி பேசுகிறது. மாநில பாஷையில் இருக்க வேண்டியது அறிக்கையின் சுருக்கம் மாத்திரமே. ஆபத்து முழுவதும் ஆங்கிலத்தில், ஆறுதல் மாத்திரம் தமிழில் என்று ஆகிவிடக்கூடிய ஏற்பாடு இது. 2020-இல் இந்த விதிகளையே மாற்றுவதற்கு ஒரு நகல் வெளியிட்டார்கள். அதுவும் ஆங்கிலத்திலும் ஹிந்தியிலும்தான். 22 பாஷைகளிலும் வெளியிடும்படி டில்லி ஹைகோர்ட் உத்தரவிட்டது. சர்க்கார் அந்த உத்தரவை எதிர்த்து சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று.

இவ்வளவும் எழுதிவிட்டு, என் ஊரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் யோக்கியமாகாது. 2012-இல் எங்களுக்குப் பகலில் பாதி நேரம் கரண்டு கிடையாது. தீப்பெட்டி ஆபீஸ்களில் மிஷின் நின்று, கூலி ஜனங்கள் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். டீக்கடையில் ஒருவர், “இங்க மிஷின் ஓடல. அவுக அங்க பந்தல் போட்டு உக்காந்திருக்காக” என்று இடிந்தகரையைச் சொன்னார். நானும் தலையாட்டினேன். அந்த வருஷம் மார்ச் 19-ந் தேதி மாநில மந்திரிசபை, நிலையத்தைத் திறக்கச் சம்மதித்து, சுற்றுவட்டாரத்துக்கு 500 கோடி ரூபாயில் ஒரு திட்டமும் அறிவித்தபோது எங்கள் கடைத்தெருவில் சந்தோஷம்தான். செப்டம்பர் 10-ந் தேதி இடிந்தகரையில் தடியடி நடந்து, எங்கள் மாவட்டத்து மணப்பாட்டில் ஒரு மீனவர் துப்பாக்கிச் சூட்டில் இறந்த பிறகுதான், அந்தத் தலையாட்டல் எனக்கு உறுத்த ஆரம்பித்தது.

கரண்டுக்காகக் குண்டடி பட்டவர்கள் எங்கள் சம்சாரிகளும்தான். மின்கட்டணத்துக்காக விவசாயிகளைத் திரட்டிப் போராடிய நாராயணசாமி நாயுடு 1984 டிசம்பரில் உயிர் விட்டது இதே கோவில்பட்டியில். கரண்டு கேட்டவனும் சுடப்பட்டான், கரண்டு நிலையம் வேண்டாம் என்றவனும் சுடப்பட்டான். இந்த இருவரையும் ஒரே பந்தலில் உட்கார வைத்துப் பேசவிட எந்தப் பின்னிணைப்பிலும் வழி சொல்லவில்லை. கயத்தாற்றுப் பக்கம் காற்றாலைகள் சுற்றுவதைத் தினம் பார்க்கிற எங்களிடம், உங்களுக்கு எந்தக் கரண்டு வேண்டும் என்று எவரும் கேட்டதும் இல்லை.

அதே 2012 நவம்பரில் நடந்த ஒரு சம்பவம் வேடிக்கையானது. கடைசிக் கழிவை எங்கே புதைப்பீர்கள் என்று சுப்ரீம் கோர்ட்டில் கேள்வி வந்தபோது, கோலார் தங்கச் சுரங்கத்தின் பெயர் அடிபட்டது. 2001-இல் மூடப்பட்ட சுரங்கம். தலைமுறைகளாகத் தமிழ்த் தொழிலாளிகள் இறங்கி வேலை செய்த குழி. கோலாரில் கடையடைப்பும் மறியலும் நடந்தன. சில நாட்களுக்குள், அப்படி ஓர் எண்ணமே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இடத்தின் பெயரைச் சொன்னால் ஜனங்கள் எழுந்துவிடுகிறார்கள் என்பது அதிகாரிகள் கற்ற பாடம். கேட்டுவிட்டுப் பெயரைச் சொல்லலாம் என்பதை அவர்கள் கற்றதாகத் தெரியவில்லை.

கேட்டவர்களும் உலகத்தில் உண்டு. ஸ்வீடனில் கழிவைப் புதைக்க இடம் தேடியபோது ஸ்டூருமன், மாலோ என்ற வடக்கத்தி ஊர்களில் ஓட்டெடுப்பு நடத்தினார்கள். 1995-இல் ஒன்றும் 1997-இல் மற்றொன்றும் வேண்டாம் என்றன. கம்பெனி மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டது. கடைசியில் ஓஸ்ட்ஹம்மார் நகரசபை 2020-இல் சம்மதம் என்றது. பின்லாந்தின் எயுரயோக்கியும் 2000-த்தில் சம்மதித்த ஊர். இவை ஏற்கெனவே அணு உலைகள் உள்ள ஊர்கள், அதனால் பிழைக்கிற ஊர்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் கையில் இருந்தபோது அவர்கள் வேண்டும் என்றார்கள். அமெரிக்காவில் 1987-இல் காங்கிரஸ் சபை நெவாடாவிலுள்ள யுக்கா மலையைத் தானே பொறுக்கி எடுத்தது. 2002-இல் நெவாடா கவர்னர் மறுத்ததையும் ரத்து செய்தது. பல நூறு கோடி டாலர் செலவான பிறகு அந்தத் திட்டம் நின்றுபோயிற்று. 2012-இல் அவர்களுடைய நிபுணர் குழுவே, ஊரின் சம்மதத்தோடு இடம் தேடுவதே வழி என்று எழுதியது.

நான்காம் பின்னிணைப்பில் எனக்குப் பிடித்த ஒரு விதியும் இருக்கிறது. கூட்டம் முடியும்போது, அங்கே பேசப்பட்டதன் சுருக்கத்தை, வந்திருப்பவர்களுக்கு அவர்கள் பாஷையிலேயே வாசித்து விளக்க வேண்டும் என்பது அது. அதையே முதலில் வைத்துக்கொண்டால் என்ன? அறிக்கை எழுதுகிறவர் அதை அச்சுக்குக் கொடுக்கும் முன், இடிந்தகரையில் ஒரு சாயங்காலம், வலை பின்னிக்கொண்டிருக்கிறவர்கள் நடுவே உட்கார்ந்து உரக்க வாசிக்கட்டும். ‘பயன்படுத்திய எரிபொருள்’ என்ற இடம் வந்ததும், எத்தனை வருஷத்துக்கு என்று ஒரு கிழவி கேட்பாள். அதற்கு அவர் சொல்லும் பதிலையும் அறிக்கையில் சேர்த்துக்கொள்ளட்டும்.