பித்தளைப் பம்ப் ஸ்டவ்: பர்னரே பிரதானம்

திருவள்ளூரிலிருந்து திருத்தணிக்குச் செல்லும் சாலையில், ஆடிக் கிருத்திகையை முன்னிட்டுக் காவடி சுமந்து நடக்கும் பக்தர்கள் கனகம்மாசத்திரத்தை அடைந்து களைப்பாறும் வேளையில், பந்தல் கடைகளில் தேநீரும் இட்லியும் தயாராவதை முன்னெல்லாம் கண்ணுக்கு முன்பே காதுக்கு அறிவித்தது பம்ப் ஸ்டவ்வின் இரைச்சல். காஸ் சிலிண்டர் வந்த பின் அந்தச் சத்தம் பெரும்பாலும் அடங்கிவிட்டது. ஆயினும் சிலருடைய பரண்களில் அந்தப் பித்தளை உபகரணம் இன்னும் கிடக்கிறது. அவ்விதம் கிடந்த ஒன்றைத் துலக்கி, பழுது நீக்கி, இவ்வூரிலேயே சமைத்துப் பரீட்சித்ததன் விளைவே இந்த அபிப்பிராயம்.

ஸ்வீடன் தேசத்து லிண்ட்க்விஸ்ட் என்பவர் 1892-ல் வெளிக்கொணர்ந்த பிரைமஸ் அடுப்பின் வம்சத்தைச் சேர்ந்தது இது. 1911-ல் தென்துருவத்தை அடைந்த அமுண்ட்சென் உறைபனியை உருக்கிக் குடிநீராக்கியதும் இவ்வகை அடுப்பில்தான். திரி கிடையாது, தொட்டியில் அடைத்த காற்றின் அழுத்தம் மண்ணெண்ணெயை மேலே தள்ள, அது சூடேறிய பர்னர் குழாய்களில் ஆவியாகி, ஏறக்குறைய 0.3 மில்லிமீட்டர் அகலமே உள்ள நிப்பிள் துவாரத்தின் வழியே பீறிட்டு, காற்றுடன் கலந்து நீல ஜ்வாலையாக எரிகிறது. இந்த அடுப்பின் கீர்த்தியும் அபகீர்த்தியும் அந்தத் துவாரத்திலேயே அடங்கியிருக்கின்றன.

பர்னரின் அடியிலுள்ள கிண்ணத்தில் ஸ்பிரிட்டை ஊற்றிக் கொளுத்தி, அது அணையும் தருணத்தில் காற்றுத் திருகை மூடி மெல்லப் பம்ப் செய்ய வேண்டும். அவசரப்பட்டால் ஆவியாகாத எண்ணெய் மஞ்சள் தீயாகக் கொப்பளித்துப் பாத்திரத்தைக் கரியாக்கும். நன்கு சூடேற்றிய பின்பும் ஜ்வாலை ஒரு பக்கம் சாய்ந்தாலோ, விட்டு விட்டு எரிந்தாலோ, நிப்பிளில் கரி அடைத்திருக்கிறதென்று அறிக. தகட்டில் மெல்லிய கம்பி பதித்த ஸ்டவ் பின்னைச் செங்குத்தாக விட்டு எடுத்தல் போதும். சாய்த்துக் குத்தினால் கம்பி உள்ளேயே முறியும், அல்லது துவாரம் கோணலாகிப் பெருத்துப்போகும். அவ்வாறு பெருத்த நிப்பிளை எந்தச் சாமர்த்தியமும் சீராக்காது. நீண்ட நிப்பிள் சாவியால் அதைக் கழற்றிப் புதியதைப் பூட்டுவதே வழி. பர்னரைச் செக்கச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் உட்கரி உதிரும் என்பாருண்டு. உதிரவும் செய்யும், ஆனால் குழாய்களின் பற்றவைப்பும் விட்டுப்போகலாம் என்பதால் நான் அதைச் சிபாரிசு செய்யமாட்டேன். பர்னரைக் கழற்றி மாட்டும்போதெல்லாம் அதன் அடியிலுள்ள ஈய வாஷரை மாற்றிவிட்டு, சோப்பு நீர் தடவிக் காற்றுக் குமிழி எழுகிறதா என்று பார்த்துக்கொள்வது உத்தமம்.

பம்ப் தளர்ந்தால் தோல் வாஷர் உலர்ந்திருக்கும். எண்ணெயில் ஊறவைத்து விளிம்பை விரித்துவிட்டால் சரியாகும். கைப்பிடி தானாகவே மேலே எழும்பினாலோ, அடியிலுள்ள வால்வு பழுதென்று அர்த்தம்.

படகுகளிலும் இவ்வடுப்பு நெடுங்காலம் ஆதரிக்கப்பட்டு வந்ததற்குத் தக்க காரணம் உண்டு. கசிந்த காஸ் காற்றினும் கனமானதால் படகின் அடித்தளத்தில் தங்கி, ஒரு பொறியில் வெடித்துவிடும். மண்ணெண்ணெய் கசிந்தால் நாற்றமும் வழுக்கலுமே மிஞ்சும். ஆனால் உப்புக்காற்று பித்தளையைக் களிம்பேற்றுவதாலும், அலையாட்டத்தில் கிண்ணத்து ஸ்பிரிட் எரிந்துகொண்டே வழியக்கூடுமாதலாலும், கடலில் இதனைக் கையாள்பவருக்குத் தரைக்காரரைவிட இருமடங்கு சிரத்தை வேண்டும். எண்ணெயில் கலந்த நீரும் தூசியும் அங்கே பெரும் சத்துருக்கள். துணியில் வடிகட்டியே ஊற்ற வேண்டும்.

ஸ்டவ் வெடித்து இளம்பெண் மரணம் என்று முன்பு பத்திரிகைகளில் அடிக்கடி வந்த செய்திகளை நினைத்து இதன்மேல் அச்சங்கொள்வார் பலர். அவற்றுள் எத்தனையோ மரணங்களில் குற்றவாளி ஸ்டவ் அல்லவென்பதை நாடறியும். வரதட்சிணைச் சாவைத் தனிக் குற்றமாக்கி 1986-ல் சட்டம் திருத்தப்பட்டதும் அக்கொடுமைகளின் பொருட்டே. ஆயினும் சூடான தொட்டியைத் திறப்பதும், எரியும்போது எண்ணெய் ஊற்றுவதும், பெட்ரோலைக் கலப்பதும் உண்மையான அபாயங்களே, இவற்றுக்கு மன்னிப்பில்லை.

சமையல் திறனில் குறையில்லை. பெரிய கெட்டிலும் விரைவில் கொதிக்கிறது. குறை இரைச்சலும் வாடையும், ரேஷனில் அரிதாகிவிட்ட மண்ணெண்ணெயும்தான். காஸ் இணைப்புள்ள வீட்டுக்கு இது வேண்டாம். பயணத்துக்கும் படகுக்கும் பந்தலுக்கும் வேண்டுமென்றால், தகரத் தொட்டியை விடுத்துப் பித்தளையையே தேடி எடுத்து, அதனுடன் ஸ்டவ் பின்கள், இரண்டு நிப்பிள், ஒரு தோல் வாஷர், சில ஈய வாஷர்கள், ஒரு நிப்பிள் சாவி ஆகியவற்றையும் சேர்த்தே வாங்குங்கள். இவையின்றி வாங்குவதானால் வாங்காதிருப்பதே மேல்.