பொருநைக் கரையில் ஒருநாள் யாத்திரை

மூர்த்தி, தலம், தீர்த்தம் என்னும் மூன்றனையும் நம் முன்னோர் பிரித்துக் கண்டிலர். ஆற்றில் மூழ்கி, ஊரை வலம்வந்து, கோயிலுள் நின்று தொழுதல் சரியை நெறியின்பாற்பட்ட தொண்டாம். அதற்குப் பொழுதும் மனவமைதியும் வேண்டும். இக்காலத்திலோ காலையில் வண்டியேறி இரவில் இல்லம் திரும்பும் ஒருநாள் யாத்திரைகள் மிகுந்துள்ளன. நடக்கவியலா முதியோரும், விடுமுறை குறைந்த அலுவலரும், வெளிநாட்டினின்று வரும் அன்பரும் இவற்றாற் பயன்பெறுதலின், இவற்றை முற்றும் இகழ்தல் முறையன்று. ஆயினும், அங்கே காட்டப்படுவன யாவை, சொல்லப்படுவன யாவை என்று ஆராய்தல் நம் கடனாகும்.

அண்மையில் யாம் அன்பர் சிலரோடு அத்தகைய யாத்திரையொன்றிற் கலந்துகொண்டோம். திருநெல்வேலியினின்று புறப்பட்டு, ஆதிச்சநல்லூர், ஸ்ரீவைகுண்டம், தென்திருப்பேரை, ஆழ்வார்திருநகரி என்னும் நான்கூர்களைக் கண்டு மீண்டோம். நடத்தினார் பெயர் ஈண்டு வேண்டா. யாம் கூறப்புகும் குறைகள் ஒருவருக்கே உரியன அல்ல. நாடெங்கும் பரவிய ஒரு முறைக்கு உரியன.

குறைகாண்டற்கு ஓர் அளவுகோல் வேண்டுமன்றோ? அது நம் சாத்திரத்திலேயே உளது. சிவஞான சித்தியார் அளவைகள் பலவற்றையும் காண்டல், கருதல், உரை என மூன்றனுள் அடக்கும். கண்ணாற் காணும் பொருள் வேறு. கண்டதைக்கொண்டு உய்த்துணர்வது வேறு. பெரியோர் வாக்காலும் மரபாலும் கொள்வது வேறு. இம்மூன்றனையும் கலந்துரைப்பின் மூன்றும் கெடும். எம் வழிகாட்டியார் நாள் முழுதும் செய்தது அக்கலப்பே.

முதற்கண் ஆதிச்சநல்லூர். பொருநையின் தென்கரையில் 114 ஏக்கர் பரப்பிற் கிடக்கும் இப்பழைய இடுகாட்டை, 1876-ஆம் ஆண்டில் செருமானிய அறிஞர் யாகோர் முதன்முதல் அகழ்ந்தார். அவர் கொண்ட பொருள்கள் பெர்லின் நகரஞ் சென்றன. பின்னர் 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ அகழ்ந்து, பொற்பட்டங்களும், வெண்கலத்தாற் செய்த விலங்கு பறவை உருவங்களும், இரும்புப் படைக்கலங்களும், மட்கலங்களும் எடுத்தார். 2004-ஆம் ஆண்டு நடந்த அகழ்வில் நூற்றைம்பதுக்கு மேற்பட்ட தாழிகள் வெளிப்பட்டன. அங்கெடுத்த மாதிரிகளை அமெரிக்காவில் ஆராய்ந்தபோது கி. மு. 905, கி. மு. 696 என்னும் காலங்கள் கிடைத்தன. 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 5-ஆம் நாள் அங்கு அருங்காட்சியகத்திற்கு அடிக்கல் நாட்டப்பெற்றது. இவையெல்லாம் காண்டல்.

வழிகாட்டியாரோ, "வயது முதிர்ந்து சுருங்கியவர்களை உயிரோடு இத்தாழிகளில் இட்டுப் புதைத்தார்கள், ஆகையால் முதுமக்கள் தாழி என்று பெயர்" என்றார். உடன்வந்த மூதாட்டியார் ஒருவர் அதுகேட்டு முகம் வாடி, வண்டிக்குத் திரும்பிவிட்டார். ஒரு பொய்யுரை ஓர் அடியவர் நெஞ்சைப் புண்படுத்தியதை யாம் கண்கூடாகக் கண்டோம்.

உண்மை அதுவன்று. முதுமக்கள் என்றது ஈண்டுப் பண்டை மக்களை. தாழிகள் பலவற்றில், உடல் அழிந்தபின் தொகுத்து வைத்த எலும்புகளே உள்ளன. புறநானூற்றில், கணவனை இழந்தாள் ஒருத்தி குயவனை விளித்து, தனக்கும் இடம் உண்டாகும்படி தாழியை அகலமாக வனையுமாறு வேண்டும் பாட்டொன்று உண்டு. தாழி, வேண்டாதாரை எறியும் கலம் அன்று. பிரிவாற்றாத அன்பு வனைவித்த கலம். ரீ கண்ட மட்கலங்களில் உமி இருந்தது. அண்மையிலுள்ள சிவகளையில், தாழியினின்று எடுத்த நெல்லின் காலம் கி. மு. 1155 என 2021-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பெற்றது. இறந்தார்க்கு நெல்லிட்டுப் புதைத்தார், உடல் வீழ்ந்தபின்னும் யாதோ ஒன்று எஞ்சும் என்று எண்ணினர் போலும். இது கருதல், கருதலென்றே சொல்லத்தக்கது.

இனி, நம்மவர்க்கே உரிய ஒரு குறையையும் மறையாது கூறுவோம். அங்குக் கிடைத்த இரும்பு வேல்களையும் சேவல் உருவத்தையும் சுட்டி, "மூவாயிரம் ஆண்டுக்கு முன்னரே இங்கு முருக வழிபாடு இருந்தமைக்கு இது முடிந்த சான்று" என்றார் வழிகாட்டியார். அன்பர் கைதட்டினர், எமக்கும் உள்ளம் குளிர்ந்தது. ஆயினும் வேல் போர்க்கருவியுமாம், சேவல் மனைப்பறவையுமாம். ஆடு, எருமை, புலி முதலிய உருவங்களும் உடன் கிடைத்துள்ளன. அறிஞர் சிலர் முருக வழிபாட்டை உய்த்துணர்ந்தது உண்மையே. அவ்வுய்த்துணர்வைக் காண்டலாக்கிப் பறைசாற்றுதல் பிழை. நாளை வேறொரு பொருள் கிடைத்து அக்கருத்து வீழின், சைவமே வீழ்ந்ததாகப் பிறர் எள்ளுவர். அநாதியாகிய பரம்பொருளுக்கு அகழ்ந்தெடுத்த இரும்பு கால்கோளாதல் வேண்டா. சைவத்துக்கு மெய்ச்சான்று போதும், மிகைச்சான்று பகையாகும்.

அடுத்தது கோள்களைப் பற்றியது. ஸ்ரீவைகுண்டத்துப் பெருமாள் கோயிலில், "இது சூரியன் தலம்" என்றார். சிறிது நேரம் கழித்து, அவ்வூர்க் கைலாசநாதர் கோயிலில், "இது சனி தலம்" என்றார். தென்திருப்பேரையிற் பெருமாள் கோயில் சுக்கிரனுக்கும், சிவன் கோயில் புதனுக்கும் உரியவாயின. நவதிருப்பதி வரிசை ஒன்று, நவகைலாய வரிசை மற்றொன்று என்பதை அவர் விளக்கவில்லை. ஓரூரே இரு கோள்களுக்கு உரியதாதல் எங்ஙனம் என அன்பர் திகைத்தனர். அகத்தியர் மாணாக்கராகிய உரோமச முனிவர் பொருநையில் விட்ட ஒன்பது மலர்கள் கரைசேர்ந்த இடங்களே நவகைலாயம் என்னும் தலவரலாறு உரையின்பாற்பட்டது; அதனைப் போற்றுவோம். ஆனால் கைலாசநாதர் திருமுன் நின்றபோது சிவபெருமான் திருநாமத்தினும் சனியின் பெயரே மிகுதியாக ஒலித்தது. திருமறைக்காட்டில் அப்பரடிகள் கோள்நிலை தீதென்று தடுத்தபோது, ஞானசம்பந்தப் பெருமான் கோளறு பதிகம் அருளிச் சென்றார். கோளுக்கொரு தலமாகச் சுற்றிவந்தாரல்லர். கோள்கள் வினைப்பயனை ஊட்டும் ஏவலாளர். ஏவலாளரைக் கண்டு அரசனை மறந்து மீள்வது யாத்திரை ஆகுமா?

சனியின் பெயர் மிக்க அவ்விடத்தே சொல்லாது விட்டது ஒன்றுண்டு. ஸ்ரீவைகுண்டம் குமரகுருபர சுவாமிகள் தோன்றிய ஊர். பதினேழாம் நூற்றாண்டில் அவ்வூரிற் பிறந்து, ஐந்தாண்டு வரை பேசாதிருந்து, திருச்செந்தூர்ச் செவ்வேள் அருளாற் பேச்சுற்றுக் கந்தர் கலிவெண்பா பாடி, காசியில் மடம் நிறுவித் தமிழையும் சைவத்தையும் வடநாட்டில் நிலைநாட்டிய பெருந்தகை அவர். அவர் திருப்பெயராற் கல்லூரி விளங்கும் ஊரில், அவர் பெயர் ஒருமுறையும் எம் செவிப்படவில்லை.

மாலையில் ஆழ்வார்திருநகரியை அடைந்தோம். ஆதிநாதர் கோயிலில், உறங்காப்புளி எனப்படும் மரத்தடியில் பத்து நிமிடம் தரப்பட்டது. குருதலம் என்பதோடு உரை முடிந்தது. நாம் சைவர், இது வைணவர்க்கு உயிரனைய தலம். ஆயினும் சிந்திப்பார்க்கு இங்கு நிற்க நிரம்பப் பொருளுண்டு. நம்மாழ்வார் பதினாறாண்டு இம்மரத்தடியில் வாய்வாளாதிருந்தார் என்பது மரபு. அப்போது திருக்கோளூர் மதுரகவிகள் வந்து, உயிரற்றதனுள் சிறியதோர் உயிர் தோன்றின் எதனை உண்டு எங்கே கிடக்கும் என்னும் கருத்துப்பட வினவினார்; அதனையே உண்டு அங்கேயே கிடக்கும் என்பது விடை. இதற்கு வைணவ ஆசிரியர் தம் நெறியிற் பொருள் காண்பர். சித்தாந்தம் பயின்றாருக்கோ, சார்ந்ததன் வண்ணமாதல் என்னும் உயிரிலக்கணம் உடனே நினைவுக்கு வரும். காலையில் தாழியும் நெல்லும் எழுப்பிய வினாவும் அதுவேயன்றோ? உடலுள் உறைவது யாது, உடல் வீழின் அது எதனைச் சார்ந்து கிடக்கும்? ஆற்றின் ஒரு கரையில் பேசாதிருந்த குழந்தை ஆழ்வாராயிற்று. மறுகரையில் பேசாதிருந்த குழந்தை குமரகுருபரராயிற்று. சில கல் தொலைவுக்குள் இத்துணைப் பொருள் விரிந்துகிடக்க, எமக்குக் கிடைத்தவை கோள்களின் பெயர்களே.

மற்றுமொன்று. ஆழ்வார்திருநகரிக் கவிராயர் இல்லத்திலேதான் உ. வே. சாமிநாதையரவர்கள் பத்துப்பாட்டின் அரிய ஏட்டுப்பிரதியொன்றைப் பெற்றார். அந்நூல் 1889-இல் அச்சேறியது. அதன் முதற்பாட்டாகிய திருமுருகாற்றுப்படை நம் பதினோராந் திருமுறையில் உள்ளது. திருவாவடுதுறை மரபிற் பயின்ற சைவர்க்கு வைணவ ஊர் ஏடு தந்து உதவிய வரலாறு இது. இதனை அம்மண்ணில் நின்று சொன்னால், சமயப் பூசலை வளர்ப்பார் வாய் தானே அடங்கும்.

ஆகவே யாத்திரை நடத்துவார்க்கு எம் வேண்டுகோள் சில. ஒருநாளிற் காட்டும் இடங்களைக் குறைத்து, நிற்கும் பொழுதைக் கூட்டுக. புறப்படுமுன் பொருநையில் நீராடச் செய்க. அகழ்வில் கண்டது, அறிஞர் கருதியது, மரபு உரைப்பது என மூன்றனையும் வேறுவேறாகச் சொல்லுக. அன்பர்களும் கேட்டதையெல்லாம் மெய்யென்று கொள்ளாது, "இது காண்டலா, கருதலா, உரையா?" என்று பணிவோடு வினவுக. எம்மோடு வந்த மூதாட்டியார் மீளும் வழியில் அவ்வினாவையே எம்மிடம் வினவினார். யாம் அறிந்தவாறு விடைகூறக் கேட்டு, "அப்படியானால் அவர்களும் நம்மைப் போலத் தம்மவரை நினைத்து அழுதவர்களே" என்றார். இடுகாட்டையும் தொழுகைக்குரிய இடமாக்கியது அவ்வொரு சொல். அத்தகைய சொல்லைப் பிறப்பிப்பதே யாத்திரையின் பயன் என்க.