இந்நாட்டில் இளவேனில் எது?

சித்திரை பிறந்தால் போதும், இந்நாட்டுத் தமிழ்ப் பத்திரிகைகளில் வசந்தம் வந்துவிடுகிறது. மாந்தளிர் கோதும் குயிலும், தென்றலும், முல்லையும் தவறாமல் அணிவகுக்கின்றன. யாப்பிற் குறை கூறுவதற்கில்லை. ஆயின் இக்கவிவாணர் தம் வீட்டு வாயிலில் நிற்கும் மரத்தை ஒரு முறையேனும் நிமிர்ந்து பார்த்ததுண்டா என்பதே நமது ஐயம்.

சங்கப் புலவர் பார்த்தனர். குறுந்தொகையின் 66-ஆம் பாட்டில் கொன்றை பேதையாகிறது. பருவமல்லாத காலத்துப் பெய்த மழையைக் கார் என மயங்கிப் பூத்துவிட்டதாம். தலைவன் சொன்ன பருவம் வந்தும் அவன் வரவில்லையே என்று கலங்கும் தலைவிக்குத் தோழி புனைந்துரைக்கும் ஆறுதல் இது. கொன்றை பூக்கும் காலத்தைக் கேட்போர் அறிந்திராவிடில் அப்புனைவுக்கு உயிரேது? தினை முற்றுங்கால் மலரும் வேங்கையைக் ‘கணி’ என்றே வழங்கினர். குறவர்க்கு அம்மரமே பஞ்சாங்கம்.

ஆங்கிலப் பள்ளியில் நாம் டாபடில் மலரை மனப்பாடம் செய்தோம். ஆங்கிலேயர்க்கு அவ்வசந்தத்தில் உரிமையுண்டு. ராபர்ட் மார்ஷம் என்பார் 1736 முதல் தம் நார்போக் நிலத்தில் எம்மரம் எந்நாள் தளிர்த்தது எனக் குறித்துவந்தார். நமக்கோ குயிலும் இரவல், டாபடிலும் இரவல். சிங்கப்பூர்ப் பூங்காவின் ஹோல்ட்டம் 1931-இல் வெளியிட்ட ஆராய்ச்சியிலோ, அங்குள்ள மரங்களிற் சில பன்னிரண்டு மாதக் கணக்குக்கே அடங்காமல் இலை மாற்றுவது காணப்பட்டது. அத்தகைய நாட்டில் எல்லா மரத்துக்கும் ஒரே சித்திரையா?

வேங்கையின் இனத்து மரம் ஒன்று நம் வீதிகளிலேயே நிற்கிறது. மலாய்க்காரர் அதனை அங்சானா என்பர். வறட்சிக்குப் பின் மழை கண்டால் ஊரிலுள்ள அங்சானாக்கள் பலவும் ஒருசேர மஞ்சளாகப் பூத்து, மறுநாளே தார்ச்சாலையில் உதிர்ந்து கிடக்கும். வேங்கைப்பூ உதிர்ந்த பாறையைப் புலிக்குட்டியாகக் கண்ட மரபினர், அப்பூ மூடிய மோட்டார் வண்டியைப் பற்றி எழுதியதை நாம் கண்டது அரிது.

தாசேக் கெலுகோர்ப் பக்கத்தில் எண்ணெய்ப்பனைக்கு இடம்விட்டு எஞ்சிய ரப்பர் மரங்களைப் பாருங்கள். ஜனவரி முதல் மார்ச்சு வரையிலான வறண்ட நாட்களில் இலை பழுத்துச் சிவந்து உதிரும். வெறுங்கிளை வானத்தைக் கீறும். சில வாரங்களில் செம்பு நிறத் தளிர் துவண்டு தொங்கும். பிறகே பச்சை ஏறும். கண்கொள்ளாக் காட்சிதான். ஆயினும் மரம் தன் சத்தைத் தளிருக்குச் செலவிடும் அவ்வாரங்களிலேயே பால் குறைகிறது. தோட்டத்து ஆபீசில் நிறை பதியும் நம்மனைய கிராணிமார்க்கு அது வெறும் எண். பால்வெட்டுவோர்க்கோ அரிசிக் கணக்கு. மரம் தளிர்க்க மனிதன் வாடும் இப்பருவத்தை எந்த வசந்தப் பாட்டில் அடக்குவது? தோட்டத்து நாட்டுப்பாடல் பால்மரத்தை மறக்கவில்லை. அச்சேறும் சித்திரைக் கவிதைதான் மறந்தது.

தளிரோடு பூத்த சிறு பூ ஆகஸ்டு, செப்டம்பரில் முற்றிய காயாகி, வெயிலிற் படீரென வெடித்து விதையைத் தெறிக்கும். தோட்டத்துச் சிறுவர் அவ்வோசையை நன்கறிவர்; கேட்டதும் விதை பொறுக்க ஓடுவர்.