பித்தளை ஃபில்டரில் இருப்பது எந்த ஈயம்?

புள்ளலூர் வீட்டுப் பரணிலிருந்து அம்மாவின் பழைய பித்தளை காப்பி ஃபில்டரை இறக்கினேன். உள்ளே ஈயப் பூச்சு தேய்ந்து மஞ்சள் தெரிந்தது. "இதுல டிகாக்‌ஷன் போட்டுக் குடிக்கலாமாடா?" என்றார். ஒரு வாரம் இணையத்தில் தேடினேன். படித்தவற்றை எடைபோட்ட குறிப்பு இது.

விற்பனைப் பக்கங்களை ஒதுக்குவது சுலபம். எவர்சில்வர் ஃபில்டருக்கே 150 வருஷப் பழமை சொல்கிறார்கள். துருப்பிடிக்காத எஃகை ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி உருவாக்கியதே 1913-இல்தான்.

சிக்கல், அக்கறையோடு எழுதப்பட்ட பக்கங்களில். "ஈயம் நரம்பைக் கெடுக்கும், தொடாதீர்கள்" என்கிறது ஒரு தரப்பு. தமிழில் ஈயம் ரெண்டு: வெள்ளீயம், காரீயம். நரம்பைக் கெடுப்பது காரீயம். பாத்திரத்துக்குப் பூச வேண்டியது வெள்ளீயம். அகராதியில் ஒரே சொல்லாகப் பார்த்ததன் விளைவு இது. "பாரம்பரியம், அதனால் பாதுகாப்பு" என்கிற எதிர்த்தரப்பும் தப்புதான். விலை குறைவென்று காரீயம் கலந்து பூசினால் பாரம்பரியம் என்ன செய்யும்? காப்பியோ அமிலத்தன்மை உள்ளது.

பத்துப் பக்கம் ஒரே மாதிரி சொல்வதும் சான்று ஆகாது. எங்க ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். புள்ளலூரில் மகேந்திரவர்மன் எதிரிகளை அழித்ததாகக் காசக்குடிச் செப்பேடு சொல்கிறது. எதிரியின் பெயரைச் சொல்லவில்லை. புலிகேசி என்பது ஆய்வாளர்களின் ஊகம். நியாயமான ஊகம்தான், ஆனால் இணையத்தில் அது செப்பேட்டு வாசகம் போலவே உலவுகிறது. காப்பி-பேஸ்ட் செய்த கோடில் ஒரே பக் ஐம்பது இடத்தில் இருந்தால், ஐம்பது பேர் சோதித்தார்கள் என்றா அர்த்தம்?

நான் ஓரளவு நம்பியது ஒரே ஒரு பக்கத்தை. ரெண்டு ஈயத்தையும் பிரித்துச் சொல்கிறது. நவச்சாரம் தூவிப் பஞ்சால் தேய்க்கும் முறையை விவரிக்கிறது. வெள்ளீயம் 232 டிகிரியிலும் காரீயம் 327 டிகிரியிலும் உருகும் என்கிறது. எல்லாம் சரிபார்க்கக்கூடிய தகவல்கள், சரியாகவும் இருந்தன. ஆனால் "சீக்கிரம் உருகினால் சுத்தமான வெள்ளீயம்" என்ற அதன் முடிவு ஆபத்தானது. ரெண்டும் சரியான விகிதத்தில் கலந்தால் 183 டிகிரியிலேயே உருகிவிடும். சால்டரிங் செய்தவர்களுக்கு இது தெரியும். நல்ல மூலத்தையும் வரிவரியாகத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

அம்மாவிடம் சொன்ன பதில்: சுத்த வெள்ளீயம் என்று உறுதியாகத் தெரிந்து பூசும்வரை வேண்டாம்மா. ஃபில்டர் இப்போது அலமாரியில் இருக்கிறது. காப்பி எவர்சில்வரில்.